மூன்றாம் எண்ணை அழுத்தியவள்

பிறர் என்னைத் தேடி வந்து கூப்பிடுவது எனக்குப் பிடிக்கும். இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதில் தொடங்காவிட்டால் பின்னால் வருவது எதற்கும் காரணம் விளங்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், நான் ஒருவன்தான். கம்பெனி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையுமாக இருக்கும்போது என் அறையில் மட்டும் ஏ.சி. ஓடும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் என்று நானே ஓர் அட்டை எழுதி மாட்டியிருந்தேன். பதினைந்து வருஷ சர்வீஸ் போட்ட ஃபோர்மேன்கள்கூட ஷூவை வெளியே விட்டுவிட்டுச் சாக்ஸோடு வந்து நிற்பார்கள். இருபத்தெட்டு வயதில் அது தலைக்கு ஏறாமல் என்ன செய்யும்?

அறையில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதிலிருந்து வயர் இழுத்து ஸ்டோர்ஸ், கொள்முதல், சம்பளப் பிரிவு என்று எட்டு இடங்களில், திரையும் கீபோர்டும் மட்டுமாக, டெர்மினல் வைத்திருந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. அவரவர் வேலையை மட்டும் அவரவர் பார்க்கலாம். எல்லாவற்றையும் செய்யவும் எதையும் அழிக்கவும் அதிகாரம் உள்ள பெயர் ஒன்றே ஒன்று. அதற்கு ரூட் என்று பெயர். அதன் பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். சீல் வைத்த உறையில் ஒரு பிரதி ஜெனரல் மேனேஜர் பீரோவில் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

எல்லாம் செய்யலாம், அல்லது ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் படி கிடையாது. இதனால் அடிபட்டது ஸ்டோர்ஸ்தான். லாரி வந்து சரக்கு இறக்கினால் வரவுச் சீட்டு அச்சாக வேண்டும். சீட்டு வராமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. அந்த பிரிண்டரோ காகிதத்தைக் கடித்துக்கொண்டு அடிக்கடி நின்றுவிடும். காகிதத்தை உருவி எடுத்தால் மட்டும் போதாது. அச்சாகக் காத்திருக்கும் பழைய வேலைகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் அழித்துவிட்டு வரிசையை மறுபடி ஓட்டிவிட வேண்டும். அதற்கு ரூட் வேண்டும். ரூட் என்றால் நான். நான் கிருஷ்ணகிரியில் வீடு வைத்துக்கொண்டு ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸில் ஒன்பது மணிக்கு வருகிறவன். ஸ்டோர்ஸோ ஆறு மணி ஷிப்டில் திறந்துவிடும். கேட்டில் லாரிகள் நிற்கும். டிரைவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் முறை வைத்துத் திட்டுவார்கள். நான் வந்து இறங்கியதும், "சார் வந்துட்டாரு, சார் வந்துட்டாரு" என்று ஒரு சத்தம் கிளம்பும். அதைக் கேட்பதற்காகவே மெதுவாக நடந்திருக்கிறேன்.

ஒருமுறை மச்சினன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஜீப் வந்து என்னை அள்ளிக்கொண்டு போயிற்று. மறுநாள் ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டார். எல்லாரும் ஜி.எம். என்றுதான் சொல்வோம். பெங்களூர்க்காரர், எதைச் சொல்லி முடித்தாலும் கன்னடத்தில் "ஆயித்து", அதாவது ஆயிற்று, முடிந்தது, என்று ஒரு முத்திரை வைப்பார்.

"ஏன்ப்பா, ஒரு பிரிண்டரை எழுப்பறதுக்கு ஜீப் அனுப்பணுமா? ஸ்டோர்ஸ்ல அந்தப் பொண்ணு இருக்கில்ல, அதுக்குக் கொஞ்சம் அதிகாரம் குடு. பூரா வேணாம், வேண்டியது மட்டும். ஆயித்து."

எனக்குச் சுருக்கென்றது. வேலை குறைகிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவன், என் சொத்தில் பங்கு கேட்டதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த எரிச்சலோடுதான் மெனு எழுத உட்கார்ந்தேன். ஒரே மதியத்தில் எழுதி முடித்தேன். அந்தப் பெண் தன் பெயரில் நுழைந்தால் திரையில் ஐந்து எண்கள் வரும். ஒன்று, பிரிண்டரை நிறுத்து. இரண்டு, பிரிண்டரை ஓட்டு. மூன்று, காத்திருக்கும் வேலைகளை அழி. நான்கு, உறைந்துபோன டெர்மினலை விடுவி. ஐந்து, வெளியேறு. எண்களுக்குப் பின்னால் என் கட்டளைகள் ரூட்டின் பலத்தோடு ஓடும். முன்னால் இருப்பவருக்கு எண் மட்டும்தான். ஐந்தையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன், வேலை செய்தன. அதோடு சரி.

ஸ்டோர்ஸ் பெண்ணுக்கு அப்போது இருபத்தொரு வயதிருக்கும். குருபரப்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் தக்காளிக்கும் மாந்தோப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். ப்ளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்துவிட்டு இரண்டு வருஷப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். பயிற்சி முடிந்ததும் நிரந்தரம் செய்வார்கள் என்பது எங்கள் கம்பெனியில் ஏறக்குறைய நிச்சயம். அவளுக்கு இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. "எங்க வீட்ல கம்பெனி வேலைக்கு வந்தது நாந்தானுங்க மொதல்ல. பர்மனென்ட் ஆயிட்டா தம்பிய பாலிடெக்னிக்ல சேத்துடலாமுங்க" என்று யார் கேட்டாலும் சொல்லுவாள். கேட்காதவர்களிடமும் சொல்லுவாள்.

மெனுவைக் காட்டியபோது அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க சார். எதாச்சும் தப்பாயிட்டா எம்மேல வந்துடுமுங்க."

"அதெல்லாம் வராதும்மா. சுத்தி வேலி போட்டிருக்கேன். நீயே நெனைச்சாலும் எதையும் கெடுக்க முடியாது. நம்பரை அமுக்கு, அவ்ளோதான்."

"நெஜமாலுமுங்களா சார்?"

"நான் எழுதினதும்மா அது" என்றேன். அந்தத் தோரணையை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அவள் அதற்கப்புறமும் பயந்துகொண்டேதான் இருந்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எண்ணை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தாள். தேதி, மணி, அழுத்திய எண், திரையில் வந்தது. ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. வந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோலம் போடுவதுபோல வரைந்து வைப்பாள். "என்னம்மா, கம்ப்யூட்டருக்கு ஜாதகம் எழுதறியா?" என்று கிண்டல் செய்தேன். "பின்னால யாராச்சும் கேட்டா சொல்லணுமில்லீங்களா" என்றாள்.

நான்கைந்து மாதம் ஒரு குறையும் இல்லை. லாரிகள் காலையிலேயே கிளம்பிப் போயின. நான் வந்து இறங்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜி.எம். ஒரு கூட்டத்தில் அவளைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நானும் கை தட்டினேன், கொஞ்சம் தாமதமாக.

அந்தப் பெட்டியை நாங்கள் நிறுத்துவதே இல்லை, வருஷத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர. ஆயுத பூஜை. அன்று மதியத்தோடு லேத்து, பிரஸ், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் ஓய்வு. துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கும் உண்டு. எலிக்குக்கூட வழியில்லாத அந்த அறையில் அன்று மட்டும் பத்துப் பேர் கற்பூரத் தட்டோடு நுழைவார்கள். பூஜைக்கு வைத்த இயந்திரத்தை மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துத்தான் தொட வேண்டும். இந்த விஷயத்தில் ஜி.எம். மிகக் கண்டிப்பு.

அந்த வருஷம் பூஜைக்கு முன் நான் செய்திருக்க வேண்டிய காரியங்கள் இரண்டு. நிறுத்துவதற்கு முன் எல்லாவற்றையும் டேப்பில் பிரதி எடுப்பது ஒன்று. டேப் டிரைவுக்கும் சேர்த்து யாரோ மாலை போட்டு, குங்குமமும் வைத்துவிட்டார்கள். கற்பூரம் காத்திருந்தது, எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. போன டேப் பத்து நாளைக்கு முன் எடுத்ததுதானே, போதும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்று, பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் இடம் போதாமல் இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளையும், மூன்றாம் எண் போய் அழிக்க வேண்டிய இடத்தையும் அதற்கு மாற்றியிருந்தேன். பெட்டியை நிறுத்தி எழுப்பினால் அந்த டிஸ்க் கம்ப்யூட்டரோடு தானாக ஒட்டிக்கொள்ளாது. எழும்போதே ஒட்டிக்கொள் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டும். அப்புறம் எழுதலாம் என்று இருந்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

விஜயதசமியன்று நல்ல நேரம் காலை ஏழிலிருந்து எட்டு. நான் வந்து சேர ஒன்பதாகும். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு, சுவிட்சைப் போட்டுடட்டும், ஆயித்து" என்றார் ஜி.எம். சொல்லிவிட்டேன். அவள் ஏழேகாலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டிருக்கிறாள். பெட்டி எழுந்தது. முதல் லாரி வந்தது, சீட்டு அச்சாகவில்லை. ஆகாது, ஏனென்றால் வேலைகள் போய்ச் சேரவேண்டிய டிஸ்க் ஒட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு அது தெரிய வழியில்லை. சொல்லிக் கொடுத்தபடி மூன்றை அழுத்தினாள்.

மூன்றுக்குப் பின்னால் நான் எழுதியிருந்தது இரண்டே வரி. அந்த இடத்துக்குப் போ. அங்கே இருப்பதையெல்லாம் அழி. பின்கட்டுக்குப் போய் அங்கே கிடக்கும் குப்பையைக் கொளுத்து என்று ஆளை அனுப்புகிற மாதிரி. பின்கட்டுக் கதவு பூட்டியிருந்தால் திரும்பி வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கதவைத் தட்டிப் பார்த்தது, திறக்கவில்லை, நின்ற இடத்திலேயே கொளுத்தியது. நின்ற இடம் ஸ்டோர்ஸின் இருப்பு விவரம் முழுவதும் இருந்த இடம். எந்தப் பாகம் எந்த ராக்கில் எத்தனை என்று இரண்டு வருஷமாக அவளே உட்கார்ந்து ஏற்றியது அது.

நான் போய் இறங்கியபோது அவள் என் அறை வாசலில் நின்றிருந்தாள், கையில் நோட்டு.

"சார், எல்லாமே காணோமுங்க. மூணுதாங்க அமுக்கினேன். என்னென்ன வந்துச்சோ எல்லாம் அப்படியே எழுதி வெச்சிருக்கேங்க."

வாங்கிப் பார்த்தேன். ஏழு நாற்பது, மூன்று. அதற்குக் கீழே அவள் வரைந்து வைத்த ஆங்கில எழுத்துகள். அந்த டிஸ்கில் அந்த இடம் காணப்படவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்ன ஒற்றை வரி, ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. என்ன நடந்தது, யாரால் நடந்தது, எல்லாம் அந்த வரியில் இருந்தது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கம்பெனியில் ஒருவன்தான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்மா" என்றேன்.

கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்த முதல் வேலை டேப்பைத் தேடுவது அல்ல. மூன்றாம் எண்ணுக்குப் பின்னாலிருந்த கட்டளையைத் திறந்து, விட்டுப்போன அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். டிஸ்கை ஒட்டவைக்கும் வரியையும் எழுதினேன். நோட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்தேன். கை என்னவோ பதறாமல்தான் இருந்தது. அதுதான் இன்றுவரை என்னை வெட்கப்பட வைக்கிறது.

பழைய டேப்பிலிருந்து பத்து நாளைக்கு முந்தைய விவரம் திரும்பி வந்தது. அந்தப் பத்து நாள் சீட்டுகளைக் காகிதத்திலிருந்து மறுபடி ஏற்ற நான்கு நாள் ஆயிற்று. ஏற்றியவள் அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இதற்குள், எந்தப் பாகம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அசெம்பிளி லைன் அரை நாள் நின்றுவிட்டது. லைன் நின்றால் யார் தலையாவது உருள வேண்டும். ஐந்தாம் நாள் ஜி.எம். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"எப்படி ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மூன்று வார்த்தையில் பதில் இருந்தது. என் தப்பு சார். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு பேர் முன்னால் சத்தம் போட்டிருப்பார். அந்த வருஷ இன்கிரிமென்ட் போயிருக்கும். நான் நிரந்தரக்காரன், என்னை வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வேறொன்றைச் சொல்லிற்று.

"மெனுவுல சரியான நம்பரை அமுக்கினா இப்படி ஆகாது சார்."

"மூணுதாங்க சார் அமுக்கினேன்" என்றாள் அவள்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள பண்ணணும்னு பதட்டத்துல வேற எதையாச்சும் தட்டியிருக்கலாம் சார்" என்றேன்.

"இல்லீங்க சார். நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேங்க. அந்த நோட்டு இவருகிட்டதானுங்க இருக்கு."

ஜி.எம். என்னைப் பார்த்தார். "என்ன நோட்டுப்பா?"

"அது பிரிண்டர் ரிப்பன் எப்போ மாத்தினதுன்னு குறிச்சு வெச்சிருக்கிற நோட்டு சார். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இவர் ஏதோ காரணமாகத்தான் இப்படிச் சொல்கிறார், இதோ அடுத்த வாக்கியத்தில் சரிசெய்துவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை அது. நான் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காத்திருந்துவிட்டு, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாருடைய அதிகாரத்துக்கும் வேலி போட்டேன். என்னைச் சரிபார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

"சரி, போங்க. ஆயித்து" என்றார் ஜி.எம்.

ஆகித்தான் போயிற்று. மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பயிற்சிக் காலம் நிறைவுற்றது, நிரந்தரப் பணிக்கு வாய்ப்பில்லை, வாழ்த்துகள். எனக்கு, விவரங்களை மீட்டதற்காக ஒரு பாராட்டுக் கடிதம். மெனுவை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். மறுபடி லாரிகள் கேட்டில் நின்றன. மறுபடி, "சார் வந்துட்டாரு" என்று சத்தம் கிளம்பிற்று. நான் வேகமாக நடக்கப் பழகிக்கொண்டேன்.

கடைசி நாள் அவள் அறைக்கு வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தாள். நோட்டைக் கேட்பாள் என்று நினைத்து, வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. "எம் பேர்ல இருக்கிற பாஸ்வேர்ட மாத்திடுங்க சார், எனக்குத் தெரிஞ்சிருக்கில்லீங்களா" என்றாள். சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் ஷிப்ட் இல்லாத வாரங்களில் என் பஸ்ஸில்தான் அவளும் வருவாள். குருபரப்பள்ளி நிறுத்தத்தில் ஏற அவள் ஒருத்திதான். அவள் வேலையிலிருந்து நின்ற பிறகும் சில நாள் டிரைவர் பழக்கதோஷத்தில் அங்கே வேகத்தைக் குறைப்பார். பிறகு அதுவும் நின்றது. நான் அந்தப் பக்கத்து ஜன்னலை விட்டு எதிர்ப்பக்க சீட்டுக்கு மாறிக்கொண்டேன். பெங்களூரில் ஏதோ கார்மென்ட்ஸில் தையல் வேலைக்குப் போய்விட்டதாக டிரைவர்தான் ஒரு நாள் சொன்னார். தம்பியைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை. ஜி.எம். அறை வாசல்வரை இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அவர் ஃபோனில் இருந்தார். இரண்டாம் தடவை அந்தச் சாக்குகூட இல்லை, திரும்பி வந்துவிட்டேன். அவர் ஓய்வு பெற்றுப் போனார். நானும் பிறகு வேறு கம்பெனிக்குப் போனேன்.

புதுக் கம்பெனிக்குப் போவதற்காக இழுப்பறையைக் காலிசெய்தபோது அந்த நோட்டு கைக்கு வந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பிரித்தேன். அன்று காலை அந்த ஆங்கில வரி வரைக்கும்தான் படித்திருந்தேன், எனக்கு வேண்டியது அதுதான். அதற்குக் கீழேயும் அவள் எழுதியிருந்தாள், தமிழில், பென்சிலால்.

"7.55. எல்லாம் காணவில்லை. பயமாக இருக்கிறது. சார் வேலி போட்டிருக்கிறார். சார் வந்தால் சொல்லிவிடுவார்."